மண் விட்டால்தான் ஆம்பியர்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்துப் போட்டது. அதிலிருந்து டெல்டாவில், கம்பிகளையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிடலாமே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் புதைத்த கேபிளுக்குப் புயல் பயமில்லை, கோடைதான் பயம்.

கம்பியில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. கம்பத்தில் தொங்கும் கம்பியின் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். புதைந்த கேபிளின் சூடு மண்ணைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் செம்போ அலுமினியமோ அதற்கு அசையாது; மேலே சுற்றிய காப்புறைதான் கெட்டுப்போகும். தொடர்ந்து ஓடும் லோடில் பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எக்ஸ்எல்பிஇ என்ற, குறுக்கிணைப்பு செய்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உறை 90 வரை. ஆக, எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் விடலாம் என்பதை முடிவு செய்வதில் கேபிளோடு மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு.

கேபிள் கம்பெனியின் அட்டவணையில் ஆம்பியர் போட்டிருக்குமே என்றால், போட்டிருக்கும். அது பொதுவாக எடுத்துக்கொண்ட ஒரு மண்ணுக்கான கணக்கு. நம் நாட்டில் வழக்கமாக மண்ணின் வெப்பநிலை 30 டிகிரி, வெப்பத்தடை, அதாவது சூடு கடந்துபோவதை மண் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, வாட்டுக்கு இத்தனை கெல்வின்-மீட்டர் என்ற கணக்கில் 1.5 என்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் தெரு மண் அப்படியா என்பது வேறு விஷயம்.

டெல்டா மண்ணோ வருஷத்தில் இரண்டு குணம் காட்டும். மேட்டூர் திறந்து, குறுவை, சம்பா என்று நிலமெல்லாம் நீர் நிற்கும் மாதங்களில் களிமண்ணின் துளைகள் நிரம்பியிருக்கும்; வெப்பத்தடை 1 அளவில் நிற்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். அணை மூடி, பங்குனி சித்திரையில் அதே களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது துளைகளிலும் வெடிப்புகளிலும் காற்று புகுந்துகொள்ளும். கேபிளுக்குக் கம்பளி போர்த்திய மாதிரிதான். வீட்டுக்கு வீடு ஏசி ஓடுவதும் அப்போதுதான்.

இதில் வெயிலின் நேரடிப் பங்கு குறைவு. மண் 30லிருந்து 40 டிகிரிக்கு ஏறினால், எக்ஸ்எல்பிஇ கேபிளின் திறன் 9 சதவீதம்தான் குறையும். வெப்பத்தடை 1லிருந்து 2.5 ஆனாலோ, சுமார் 30 சதவீதம் போய்விடும். 300 ஆம்பியர் எடுத்த கேபிளில் 210தான் விடலாம்.

கேபிளே மண்ணைக் காய வைக்கும் என்பது இன்னொரு சிக்கல். சூடு ஏற ஏற, அருகிலுள்ள ஈரம் விலகிப் போகிறது. காய்ந்த மண் சூட்டை இன்னும் தேக்குகிறது. அதனால் இன்னும் ஈரம் விலகுகிறது. லோடைக் குறைக்காவிட்டால் இது உறை கெடும்வரை போகும்.

ஆற்று மணலைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கேபிளில் கல் குத்தாமல் இருக்க மணல் நல்லதுதான். ஒரே அளவு பருக்கையுள்ள மணல் காய்ந்துவிட்டால் களிமண்ணைவிட மோசம். பெரிதும் சிறிதுமாகப் பருக்கை கலந்து, கல்தூளோ கொஞ்சம் சிமென்டோ சேர்த்து இறுக்கி நிரப்பினால், காய்ந்தாலும் வெப்பத்தடை அவ்வளவாக ஏறாது. செலவு கூடும், செய்ய வேண்டியதுதான்.

மண்ணை அளப்பது எளிது. உள்ளே சூடேற்றும் கம்பி வைத்த ஊசியைக் குத்தி, அதன் வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் வெப்பத்தடை தெரிந்துவிடும். கார்த்திகையில் குத்தினால் மனசுக்குப் பிடித்த எண் கிடைக்கும். கணக்குப் போட வேண்டியது சித்திரை எண்ணை வைத்து. அப்புறம், ஒரே பள்ளத்தில் நாலு கேபிள் போட்டால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கும், அதற்கும் கழிக்க வேண்டும். சாலையைக் கடக்க ஒரு குழாய்க்குள் செருகியிருந்தால் அங்கே காற்றிடைவெளி உண்டு. ஊர் முழுக்க ஈரமண்ணில் ஓடும் கேபிளாக இருந்தாலும், அந்தப் பத்தடிக் குழாய் எத்தனை ஆம்பியர் தாங்குமோ அவ்வளவுதான் விடலாம்.