மூட்டைக் கூலி ஒப்பந்தம்: எடையை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

தை பிறந்து சம்பா நெல் வரத் தொடங்கியதும் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து அரிசி ஆலை வாசல்களில் ஒரு பஞ்சாயத்து வழக்கமாக நடக்கும். லாரி நிற்கும், மூட்டை இறங்காது. போன வருடம் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் "இறக்குக்கூலி மூட்டைக்கு இவ்வளவு ரூபாய்" என்று ஒரே வரி இருக்கும். மூட்டை எத்தனை கிலோ என்று இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 20 டன் நெல் ஏற்றிய லாரி வருகிறது. நேரடி கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ என்பதால் 500 மூட்டை. கூலி மூட்டைக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 ரூபாய். பத்துப் பேர் இறக்கினால் தலைக்கு 500. அதே 20 டன்னை வியாபாரி 60 கிலோ சாக்கில் பிடித்து அனுப்பினால் 333 மூட்டைதான் வரும், தலைக்கு 333 ரூபாய்தான் கிடைக்கும். இறக்கிய நெல் அதே அளவு. ஒவ்வொரு நடைக்கும் முதுகில் ஏறிய பாரம் ஒன்றரை மடங்கு. கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முதலாளியோ "நான் ஒரு பைசா குறைக்கவில்லையே" என்பார். ஒப்பந்தப்படி அவர் சொல்வது சரிதான், அதுதான் கொடுமை.

அளவைத் தகராறு டெல்டாவில் சின்ன விஷயம் இல்லை. அளந்து கொடுக்கும் நெல் கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டத்தின் நடுவில்தான் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இவ்வளவு விலை கொடுத்த மண்ணில், எழுதிக்கொள்ள வழி இருந்தும் எழுதாமல் விடுவது மனதை உறுத்துகிறது.

ஆகவே கூலியைக் குவிண்டாலுக்கு எழுதுங்கள். 40 கிலோவுக்கு 10 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 25 ரூபாய். எடைமேடைச் சீட்டை வைத்தே கணக்கு முடிந்துவிடும். கூடவே, ஒரு மூட்டை எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வேண்டும். குவிண்டால் கணக்கு கூலியைக் காப்பாற்றும், முதுகெலும்பைக் காப்பாற்றாது. ஆண் தொழிலாளி வழக்கமாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது.

அடுத்து, அந்தக் கூலிக்குள் எந்தெந்த வேலை அடங்கும்? லாரியிலிருந்து குடோன் வரை எத்தனை அடி தூரம், எத்தனை மூட்டை உயரம் வரை அடுக்குவது, அதற்கு மேல் போனால் கூடுதல் எவ்வளவு என்று எழுத வேண்டும். மழை வந்தால் தார்ப்பாய் போடுவது, சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுவது, கிழிந்த சாக்கைத் தைப்பது ஆகியவற்றை முதலாளி "சேர்ந்த வேலை" என்பார், ஆட்கள் "தனி வேலை" என்பார்கள். லாரி வராமல் அரைநாள் காத்திருந்தால் என்ன கணக்கு என்பதும் இதில் சேரும்.

மேஸ்திரி கையில் மொத்தமாகப் பணத்தைக் கொடுக்கும் ஆலைகளில் வேறொரு வம்பு உண்டு. ஒருவர் காலில் மூட்டை சரிந்து விழுந்தால் "அவர் என் ஆள் இல்லை, மேஸ்திரி ஆள்" என்ற பேச்சு வரும். ஒப்பந்தத்தோடு தொழிலாளர் பெயர்ப் பட்டியலை இணையுங்கள், கூலி ஆளாளுக்கு வங்கிக் கணக்கில் போகட்டும்.

எந்த வகை ஒப்பந்தம் என்பதையும் கவனியுங்கள். முதலாளியும் சங்கமும் தங்களுக்குள் போடும் ஒப்பந்தம் (பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் பிரிவு 18(1)) கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் போடும் ஒப்பந்தம் (அதே சட்டத்தில் பிரிவு 12(3)) மற்ற சங்கத்தாரையும், பிறகு வேலைக்குச் சேர்பவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். இரண்டு மூன்று சங்கம் உள்ள ஆலையில் முன்னதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, இந்த வேறுபாடு மாறவில்லை. புதிய சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். இரவில் முடிவெடுத்துக் காலையில் வேலையை நிறுத்தினால், நியாயம் இருந்தும் சங்கம் சட்டத்தில் தோற்கும்.

காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் தானாகச் சாகாது. முடித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவித்து 60 நாள் ஆகும்வரை பழைய கூலிதான் செல்லும். கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்தால்கூட 59 நாள் அளவுதான் வரும். தை முதல் தேதியில் புதுக் கூலி வேண்டுமென்றால் ஐப்பசி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே நோட்டீசை விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.