மொட்டு எந்தக் கிளையில்? கத்தரியைக் கையில் எடுக்கும் முன்

வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டங்களில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. செடியை ஒட்ட வெட்டுகிறார்கள், உரம் கொட்டுகிறார்கள், தண்ணீரை இரண்டு மடங்காக்குகிறார்கள். இரண்டே வாரத்தில் இலை ஓரம் கருகுகிறது, மொட்டு மஞ்சளாகி உதிர்கிறது. உடனே பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்து தெளிக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே பூச்சியே இருக்காது. இளவேனிலில் விரிய வேண்டிய பூவுக்கான ஏற்பாட்டைப் பல்லாண்டுச் செடி குளிர் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் வந்த பிறகு நம் கை செய்வதெல்லாம் அந்த ஏற்பாட்டைக் காப்பது அல்லது கெடுப்பது, அவ்வளவுதான்.

அதனால் எந்தச் செடியைத் தொடும் முன்பும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதன் மொட்டு எங்கே பிறக்கிறது? மல்லி, செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ, அடீனியம் எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. புதுத் தளிர் வந்தால்தான் பூ, ஆகவே இவற்றுக்குக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுதல், நல்லது. ஈழத்தலரி அப்படியல்ல. முதிர்ந்த கிளையின் நுனியில்தான் அதன் பூங்கொத்து வரும். வெயில் தொடங்கும் நேரத்தில் அதன் நுனிகளை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டியதாகிறது. பூத்த நுனி தானாகவே இரண்டு மூன்று கிளைகளாகப் பிரியும். உருவம் மிகவும் கெட்டுப்போனால் தவிர, அதைக் கத்தரி இல்லாமல் விட்டுவிடுவதே சரி. கிழங்குச் செடிகள் மூன்றாவது இனம். அவற்றில் பூவைத் தீர்மானிப்பது போன பருவத்து இலைகள்.

மல்லியில் இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறுவதற்கு மூன்று மாதம் முன், குளிர் தொடங்கும் வேளையில், கவாத்து செய்ய வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தரையில் உள்ள செடியைத் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். தொட்டிச் செடியானால் பாதி உயரம் போதும். காய்ந்த குச்சி, பென்சிலை விட மெலிந்து உள்பக்கமாக வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசும் கிளைகள் ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். வெட்டு கணுவுக்கு மேல் அரை செ.மீ. தள்ளி, சற்றுச் சாய்வாக இருக்கட்டும். கணுவை விட்டு வெகு தூரம் வெட்டினால் மிஞ்சும் குச்சி காய்ந்து, அந்தக் காய்தல் கிளையில் கீழே இறங்கும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது நல்லது.

வெட்டிய கையோடு உரம். தரைச் செடிக்கு ஆண்டுக்கு நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ. ரசாயன உரம் இடுபவர்கள் ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிராம் என்ற அளவை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கவாத்துக்குப் பின்னும் மீதியை ஆறேழு மாதம் கழித்தும் இட வேண்டும். இவை சத்தின் அளவுகள், உர மூட்டையின் எடை அல்ல என்பதைக் கவனியுங்கள். 46 சதவீதத் தழைச்சத்துள்ள யூரியாவில் 60 கிராம் சத்து கிடைக்க 130 கிராம் யூரியா வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு தரையில் நன்கு வளர்ந்த செடிக்கு உரியது. 12 அங்குலத் தொட்டியில் இதைப் போட்டால் வேர் வெந்துவிடும். அங்கே மண்புழு உரம் 250 கிராம், வேப்பம் புண்ணாக்கு 50 கிராம் போதும். மேல் மண்ணைக் கொத்திக் கலந்து, நீர் ஊற்றி, பிறகு தளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. கவாத்துக்குப் பின் தினம் தினம் ஊற்றி வேரை அழுகவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மல்லியில் மொட்டு கெடும் விதத்தைப் பார்த்தாலே காரணம் சொல்லிவிடலாம். மொட்டில் வட்டத் துளை, மொட்டுகளைச் சேர்த்துப் பின்னிய மெல்லிய நூல், ஊதா நிறமாகி வாடுதல் இருந்தால் மொட்டுப்புழு. துளை இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, சிவந்து, வளராமல் காய்ந்தால் மொட்டு ஈ. இலையின் மேல் பக்கம் வெளிறிய புள்ளிகளும் அடியில் நுண்ணிய வலையும் இருந்தால் சிவப்புச் சிலந்தி எனும் சாறுறிஞ்சும் நுண்பேன். வெயிலும் வறண்ட காற்றும் சேரும்போது அது வேகமாகப் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை விசையாகப் பீய்ச்சினாலே சிறு தாக்குதல் அடங்கும். நீரில் கலந்து தெளிக்கும் தூளான நனையும் கந்தகத்துக்கும் அது அடங்கும். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்து தெளித்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கந்தகத்தைத் தொடவே கூடாது.

மொட்டு ஈயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் செம்பருத்தியில் மொட்டு உதிர்வதற்கும் இதே ஈ காரணமாகலாம். இளமொட்டில் ஈ முட்டையிடுகிறது. புழு உள்ளே இருந்தே தின்கிறது. மொட்டு மஞ்சளாகி உதிர, புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. முட்டையிலிருந்து மறுபடி ஈயாக மூன்று நான்கு வாரம். வேப்பெண்ணெயை வெளியே எவ்வளவு தெளித்தாலும் மொட்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. உதிர்ந்த மொட்டுகளையும், செடியிலேயே மஞ்சளான மொட்டுகளையும் தினமும் பொறுக்கி, நெகிழிப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மக்கு உரக் குழியில் போட்டால் ஈயை நாமே வளர்த்தது போலாகும். ஒரு மாதம் விடாமல் செய்தால் சுழற்சி உடையும். அடுக்குச் செம்பருத்திகளில் இந்தத் தொல்லை அதிகம்.

சந்தேகம் இருந்தால் உதிர்ந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னஞ்சிறு வெளிர் புழுக்கள் நெளிந்தால் ஈ. உள்ளே சுத்தமாக இருந்தால், நீர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்: ஒரு நாள் முற்றிலும் காய்ந்து, மறுநாள் தேங்கி நிற்கும் தொட்டியில் செம்பருத்தி மொட்டைத் தாங்காது. தொட்டியை இடம் மாற்றினாலும் சில நாள் மொட்டை உதிர்க்கும். மொட்டுக் கட்டிய பிறகு அதை நகர்த்தாதீர்கள்.

காகிதப்பூவுக்குத் தேவை நேர் எதிர். நாம் பூ என்று பார்க்கும் வண்ணம் பூவடிச் செதில், அதாவது பூவை ஒட்டி வரும் நிறமுள்ள இலை. உண்மையான பூ அதன் நடுவே குழல் போல நிற்கும் சிறு வெள்ளைப் பூ. தினம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில், குறைந்த தழைச்சத்து, இரண்டு நீர்ப்பாய்ச்சலுக்கு இடையே நன்றாகக் காயும் மண்: இந்த மூன்றும் அமைந்தால் பூக்கும். இலை சற்றே தளரும்வரை காத்து, பிறகு முழுக்க நனையுங்கள். பச்சைப் பசேலென்று கொடி ஓடிப் பூவே இல்லை என்றால் தண்ணீரும் தழைச்சத்தும் கூடிவிட்டன என்று பொருள். தொட்டி மாற்றும்போது வேர்க் கட்டியை உடைக்கக் கூடாது. இதன் நுண்வேர்கள் எளிதில் அறுந்துபோகும்.

இட்லிப்பூவில் முதலில் பார்க்க வேண்டியது இலை. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. பழைய, அடி இலைகளில் நரம்பிடை மஞ்சளாவது மக்னீசியக் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் எப்சம் உப்பு போடுவது வழக்கமாகிவிட்டது. அது மக்னீசியம் குறைந்த செடிக்கு மட்டுமே உதவும்; பூவை வரவழைக்கும் மருந்தல்ல. இட்லிப்பூ அமில மண்ணை விரும்புவது. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாது. சிமென்ட் சுவரையொட்டி நட்ட வேலிகள் மஞ்சளாக நிற்பது இதனால்தான்: சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது. இரண்டு மூன்று அடி தள்ளி நட வேண்டும். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் நீரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, அப்போதே மாலையில் இலை நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. பழுப்பு நிறமாகிப்போன பழைய கரைசல் பயன்படாது, தரையில் பட்டால் துருக்கறை போகாது. சாம்பலும் முட்டை ஓடும் இந்தச் செடிப் பக்கமே வரக்கூடாது, இரண்டும் காரத்தைக் கூட்டும்.

கிழங்குச் செடிகளில் இளவேனிலின் அரசி ஃபுட்பால் லில்லி. நூறு இருநூறு சிறு பூக்கள் சேர்ந்த சிவப்புப் பந்து, ஆண்டுக்கு ஒரே முறை. குளிரில் இலை மடிந்து கிழங்கு உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் தெரிய நட வேண்டும், ஆண்டுதோறும் தோண்டி எடுக்கக் கூடாது. பூ முடிந்தபின் விரியும் பெரிய இலைகள்தான் அடுத்த ஆண்டுப் பூவுக்குச் சேமிப்பவை. அழகுக்காக அந்த இலைகளை வெட்டியவர்களுக்கு அடுத்த ஆண்டு வெறும் இலைதான் கிடைக்கும். மழை லில்லி எளியது. இரண்டு மூன்று வாரம் காயவிட்டு ஒருநாள் நன்றாக நனைத்தால், பல வகைகள் சில நாட்களில் பூக்கும்.

இனி தண்ணீர். கோடையில் தொட்டிச் செடிகள் சாவது தாகத்தால் மட்டுமல்ல, சூட்டாலும் தேக்கத்தாலும்தான். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். குளிர்ந்த நீர் வரும்வரை அதை வாளியில் பிடித்து வையுங்கள். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். நண்பகலில் தொங்கிய இலை மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு, தண்ணீர் கேட்பதல்ல. மண் ஈரமாக இருக்க, காலையிலும் இலை தொங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது. மேலும் ஊற்றினால் செடி போய்விடும். தேங்காய் நார்க்கழிவு அதிகம் உள்ள கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் நீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே ஓடும், நடு வேர் உலர்ந்தே கிடக்கும். அத்தகைய தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் வைத்து எடுக்க வேண்டும்.

மாடித் தளத்தில் கறுப்பு நெகிழித் தொட்டியின் வெயில் படும் பக்கத்து வேர்கள் வெந்துபோகும். தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழச் செய்யலாம், செங்கல் மேல் ஏற்றி வைக்கலாம், தொட்டியைச் சாக்கால் சுற்றலாம். மண்ணின் மேல் பரப்பும் காய்ந்த இலை மூடாக்கு இரண்டு அங்குலம் போதும். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடம் விடாவிட்டால் தண்டழுகல் வரும்.

கடலைப் புண்ணாக்கு ஊறல் பலர் கைவசம் இருப்பது. பத்து மடங்கு நீர் கலக்காமல் ஊற்றினால் வேர் கருகும். எந்த உரமும் ஈர மண்ணில்தான். வாடி நிற்கும் செடிக்கு உரம் கொடுக்கவே கூடாது.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு, காய்ந்த குச்சியும் அப்படியே. அதன் கவாத்துக் குப்பையை எரிக்காதீர்கள், புகையும் ஆபத்து. அடீனியப் பால் கண்ணிலும் காயத்திலும் படக்கூடாது. செங்காந்தள் கிழங்கு உயிரைப் பறிக்கும். ஃபுட்பால் லில்லியின் கிழங்கும் நஞ்சுள்ளது. பூனை வளர்ப்பவர்கள் லிலியம் எனும் உண்மையான லில்லி வகைகளை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்: மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். குழந்தையோ விலங்கோ இவற்றில் ஒன்றைக் கடித்துவிட்டது என்று தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு கிளையோடு மருத்துவரிடம் போங்கள்.

கவாத்துக் காலத்தைத் தவறவிட்டு, வெயில் ஏறிய பிறகு இதைப் படிப்பவர்கள் செடியை ஒட்ட வெட்ட வேண்டாம். இலைக் குடை போனால் நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெடிக்கும். மல்லியிலும் காகிதப்பூவிலும் பூத்து முடிந்த நுனிகளை மட்டும் இரண்டு மூன்று கணு அளவுக்குக் கிள்ளுங்கள். செம்பருத்தியில் மூன்றில் ஒரு பங்கு கிளைகளைச் சிறிது குறைத்து, மற்றவற்றை மூன்று வாரம் கழித்துத் தொடுங்கள். பூ ஒரேயடியாக நின்றுபோகாது. மல்லியில் கிள்ளிய இடத்துத் தளிர்கள் நான்கைந்து வாரத்தில் மொட்டுக் காட்டும். கிள்ளிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள். உங்கள் வெயிலிலும் உங்கள் மண்ணிலும் அந்தச் செடி எத்தனை நாளில் பூக்கிறது என்பது அந்தச் சீட்டிலிருந்தே தெரிந்துவிடும். வரும் ஆண்டு கத்தரியை எடுக்க வேண்டிய நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.