‘தேய்மான ஆயுள்’ அல்ல, அயர்வாயுள்

பேரிங் பற்றித் தமிழில் வரும் பராமரிப்புக் கையேடுகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் ‘தாங்கியின் தேய்மான ஆயுள்’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. பேரிங் எத்தனை சுற்று ஓடும் என்று கணக்கிட்டு அட்டவணையில் எல்10 என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் தலைகீழ்.

முதலில் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். தாங்கு என்பதிலிருந்து தாங்கி வந்தது. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பேரிங்தான். தேய் என்ற வினையோடு வருமானம், பிடிமானம், கட்டுமானம் ஆகியவற்றில் வரும் ‘மானம்’ சேர்ந்து தேய்மானம். உரசி உரசி அளவு குறைவது என்று பொருள். தேய்பிறையில் இருப்பதும், கழுதை தேய்ந்து கட்டெறும்பானதில் இருப்பதும் இதே தேய்தான். ஆயுள் வடமொழிச் சொல். வாழ்நாள் என்று மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். ஆயுள் காப்பீடு, ஆயுள் தண்டனை என்று வேரூன்றிவிட்ட சொல்லைத் துரத்த எனக்கு நேரமில்லை.

கோளாறு முன்பாதியில் இருக்கிறது. எல்10 எண் தேய்மானத்தை அளப்பதே இல்லை. பேரிங்குக்குள் உருளும் எஃகுக் குண்டு, தான் ஓடும் வளையத்தின் மேல் மிகச் சிறிய பரப்பில் அழுந்துகிறது. அப்போது எஃகுக்குள் ஏற்படும் சறுக்குத் தகைவு (அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்யும் அழுத்தம்) மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே உச்சம் தொடுகிறது. ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது அந்த இடம் அழுந்தி விடுபடுகிறது. இது கோடிக்கணக்கான தடவை நடந்தபின், எஃகில் கலந்திருக்கும் ஏதோ ஒரு மாசுத் துகளின் அருகே நுண்விரிசல் விழுந்து, வளர்ந்து, மேலே வந்து ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். அதுவரை எண்ணெய்ப் படலம் குண்டையும் வளையத்தையும் பிரித்தே வைத்திருக்கலாம். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னலாம். உரசலே இல்லாமல் வரும் சாவு இது. இதற்குப் பெயர் தேய்மானமா?

திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி உலோகம் இப்படி விரிசல் விடுவதை ஆங்கிலத்தில் ஃபெட்டீக் என்பார்கள், நான் அயர்வு என்கிறேன். சுவீடனில் லுண்ட்பெரி, பால்ம்கிரேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1947-இல் வெளியிட்ட கோட்பாடும் இந்த அயர்வைப் பற்றியதுதான். பொருள்கள் எப்போது முறியும் என்பதற்கான வைபுலின் புள்ளியியலை எடுத்துக்கொண்டு அவர்கள் கட்டிய கணக்கு, பேரிங் ஆயுளைக் கணக்கிடும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 281-இன் அடித்தளமாக இன்றும் இருக்கிறது. ஒரே மாதிரியான பேரிங்குகளை ஒரே நிலையில் ஓட்டினால், நூற்றில் 90 எத்தனை சுற்றுவரை அயர்வின் முதல் அடையாளம் இல்லாமல் தாண்டுமோ அதுதான் எல்10. அட்டவணை தரும் இயங்குசுமைத் திறனை (பத்து லட்சம் சுற்று எல்10 கிடைக்கும் சுமை) வரும் சுமையால் வகுத்து, குண்டு பேரிங்குக்கு 3-ஆம் அடுக்கும் உருளை பேரிங்குக்கு 10/3-ஆம் அடுக்கும் எடுத்தால் பத்து லட்சம் சுற்றுகளை அலகாகக் கொண்ட விடை வரும். 6205 என்ற எண்ணுள்ள குண்டு பேரிங்கின் திறன் சுமார் 14 கிலோநியூட்டன். சுமை 1.4 கிலோநியூட்டன் என்றால் 100 கோடிச் சுற்று. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஏறக்குறைய 11,100 மணி நேரம். சுமையை இரட்டிப்பாக்கினால் 1,390 மணிதான், எட்டில் ஒரு பங்கு.

இப்போது இந்த 11,100-ஐத் தேய்மான ஆயுள் என்று படிக்கும் பராமரிப்பாளர் என்ன நினைப்பார்? டயர் மாதிரி, பாதி நாள் ஓடினால் பாதி தேய்ந்திருக்கும், கழற்றி அளந்தால் மிச்சம் தெரியும் என்றுதானே? அயர்வு அப்படி மிச்சம் காட்டாது. 11,100 மணியில் எல்லாப் பேரிங்கையும் தூக்கி எறிந்தால் பத்தில் ஒன்பதை நல்ல நிலையில் எறிகிறீர்கள். குண்டு பேரிங்குகளில் பாதி, அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு காலம் ஓடக்கூடியவை. மறுபுறம், 4,000 மணியில் ஒன்று போனால் ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். அந்தப் பத்தில் ஒன்றாக அது இருக்கலாம் என்பதைச் சொல் மறைத்துவிட்டதே! ‘உத்தரவாத ஆயுள்’ என்று எழுதுவோர் இன்னும் மோசம், அந்த எண் யாருக்கும் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

தேய்மானம் பேரிங்கில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூசி புகுந்தால், கிரீஸ் வற்றினால் தேயும், நன்றாகவே தேயும். சேதங்களை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 15243 அயர்வை ஒரு வகையாகவும் தேய்மானத்தை வேறொரு வகையாகவும்தான் வைத்திருக்கிறது. உலகம் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் சேர்த்துக் கட்டிவிட்டார். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போடும் பழக்கம் இது. வளையத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ என்ற சொல்லுக்கு ‘உள் பந்தயம், வெளிப் பந்தயம்’ என்று எழுதியதையும் பார்த்தாயிற்று.

சரி, எந்தச் சொல்? களைப்பும் சோர்வும் தூங்கி எழுந்தால் போய்விடும். எஃகு ஓய்வெடுத்துத் தேறுவதில்லை. தளர்ச்சி அறவே ஆகாது, பேரிங்கில் தளர்வு என்றால் ஆட்டம், அதாவது பிளே. அயர்வு எனக்குப் பிடிக்கிறது. அதுவும் உடலுக்குரிய சொல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அன்றாடப் பேச்சில் அவ்வளவாக அடிபடாததால் புதுப் பொருளை ஏற்றினால் தாங்கும். பழம்பாடல்களில் விழா அயர்தல் என்றால் கொண்டாடுதல். இத்தனை பொருள் மாறிய சொல்லுக்கு இன்னொன்று பாரமில்லை. சில்லு பெயர்வதற்குப் ‘பொருக்கு உதிர்தல்’ போதும். சுவரில் சுண்ணாம்பு பொருக்கு விடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆகவே அட்டவணைத் தலைப்பில் ‘அயர்வாயுள் (நூற்றில் 90 தாண்டுவது)’ என்று எழுதலாம். நீளம் என்று முகம் சுளிப்பவர்கள் எல்10 என்றே விட்டுவிடட்டும், தப்பில்லை. தேய்மானம் என்ற சொல்லை மட்டும் அந்தக் கட்டத்திலிருந்து எடுத்து, கிரீஸ் மாற்றும் கால இடைவெளி எழுதியிருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.