நொடிக்கு 375 தவணைகள்: வீட்டு இசைப்பதிவு அறைக்கு ஒரு கணினி

குமரி மாவட்டத்து அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு, அந்தக் குழுவினர் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருப்பார்கள் என்பது தெரியும். வில்லின் நடுவே புலவர், அருகிலேயே குடம், கைக்கெட்டும் தூரத்தில் உடுக்கையும் தாளமும் கட்டையும். நாணில் வீசுகோல் விழுந்து எழும் ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடப்பதற்குச் சுமார் 3 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் மூன்று பங்கு, ஆகிறது. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் குடக்காரரின் காதை அது 6 மில்லிநொடி கழித்து அடைகிறது. அதை எவரும் தாமதமாக உணர்வதில்லை. அதே குடக்காரரை ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் பந்தலின் மறுகோடியில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி உட்கார வைத்தால் தாமதம் 30 மில்லிநொடியைத் தாண்டும். தாளம் இழுபடத் தொடங்கிவிடும்.

வீட்டில் இசைப்பதிவு செய்வதற்காகக் கணினி வாங்குபவர்கள் பொதுவாக ஜிகாஹெர்ட்ஸ், ரேம், விலை என்ற வரிசையில் விசாரிக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணினி நம் குழுவில் எத்தனை மீட்டர் தள்ளி உட்காரப்போகிறது என்பதே.

மைக்கில் விழும் ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டி நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்பதால், அதன் இருமடங்குக்குச் சற்று மேலான வேகத்தில் அளந்தாலே போதும். குறுந்தகடு 44,100 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டதும் இந்தக் கணக்கினால்தான். இந்த எண்களைக் கணினி ஒவ்வொன்றாக வாங்கிக் கையாளுவதில்லை. ஒரு கட்டு சேரும்வரை காத்திருந்து, கட்டாக வாங்கி, அதன் மீது எதிரொலி சேர்ப்பது, ஒலியளவைச் சீர்செய்வது போன்ற கணக்குகளை எல்லாம் முடித்து, மீண்டும் கட்டாகவே திருப்பித் தருகிறது. அந்தக் கட்டின் பெயர் பஃபர். 128 மாதிரிகள், அதாவது அளந்தெடுத்த 128 எண்கள், கொண்ட பஃபர் நிரம்புவதற்கு 2.67 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று கூட்டி, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் நேரத்தையும் யூ.எஸ்.பி. வழியில் செலவாகும் நேரத்தையும் சேர்த்தால் ஏழெட்டு மில்லிநொடி வரும். கணினி இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறது, சேர்ந்து வாசிக்கலாம். பஃபரை 1,024 ஆக உயர்த்தினால் அந்த இரண்டு கட்டுகளுக்கு மட்டுமே 43 மில்லிநொடி ஆகிவிடும். கீபோர்டில் கட்டையை அழுத்திய விரல் ஓரிடத்திலும், ஸ்வரம் வேறிடத்திலுமாகப் பிரிந்து நிற்பதை எவரும் உணரலாம்.

அப்படியானால் பஃபரை எப்போதும் சிறிதாகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் கணினியின் தரம் சோதனைக்கு வருகிறது. 128 மாதிரி என்றால் நொடிக்கு 375 கட்டுகள், அதாவது ஒவ்வொரு 2.67 மில்லிநொடிக்கும் ஒரு தவணை. தவணை நாள் தவறினால் அபராதம் உடனே செவியில் விழும்: ‘டிக்’ என்றோ, எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்றோ ஒரு சத்தம், அல்லது ஒரு கணம் நீளும் வெறுமை. ஒரு மணி நேரப் பதிவில் 13,50,000 தவணைகள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்றே ஒன்று தாமதமானாலும், அது புலவர் உயிரைக் கொடுத்துப் பாடிய வரியின் நடுவில் விழுந்துவிட்டால், அந்த வரியை மீண்டும் பாடச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. காணொளித் தொகுப்புக்கோ கணக்கியல் மென்பொருளுக்கோ கணினி வாங்கும்போது நாம் சராசரி வேகத்தைப் பார்க்கிறோம். இசைக்கு வாங்கும்போது அது மிக மந்தமாக நடந்துகொள்ளும் கணத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது முதலாவது எண் மட்டுமே.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு கடையில், விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்ட, விலை கூடிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். திரையில் செயலியின் (பிராசசரின்) சுமை 15 சதவிகிதத்தைத் தாண்டாது. ஆனாலும் நிமிடத்துக்கு இரண்டு முறை கடுகு வெடித்தது. இன்டர்ஃபேஸை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன். ஒரு நாள் மாலை, கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது வீட்டில் இணையம் நின்றுபோக, எரிச்சலில் வைஃபையை அணைத்தேன், சத்தமும் நின்றது. வைஃபை சில்லை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அவ்வப்போது செயலியைத் தன்வசம் பிடித்து வைத்துக்கொண்டு, சில மில்லிநொடிகள் எவருக்கும் விடாமல் இருந்திருக்கிறது. இப்படிச் சிக்கல் தரும் டிரைவர்களைக் கண்டுபிடிக்க விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருள் உண்டு. அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் வழியை மறித்தது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டும். கிராஃபிக்ஸ் டிரைவரும், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செயலியின் வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பும் அந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுகின்றன.

அடுத்தது, செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் கோர்கள். எட்டு கோர், பதினாறு கோர் என்று எண்ணிக்கை பெருகினால் வேலை அதே விகிதத்தில் விரைவாகும் என்ற எண்ணம் இசையில் ஓரளவுக்கே பொருந்தும். நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையில் ஒரு காயைத் தோலுரித்து, சீவி, பிறகே எண்ணெயில் இட முடியும். பத்துப் பேர் நின்றாலும் அந்த ஒரு காயைச் சீவும் முன் பொரிக்க முடியாது. பாடகரின் குரல் முதலில் கனத்தையும் கீச்சையும் சமன்செய்யும் ஈக்வலைசருக்கும், பிறகு ஒலியளவைச் சீர்செய்யும் கம்ப்ரசருக்கும், பிறகு எதிரொலி சேர்க்கும் ரிவெர்புக்கும் போகிறது. முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கும் என்பதால் இந்தச் சங்கிலி முழுவதையும் பெரும்பாலும் ஒரே கோர் சுமக்கிறது. ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் உரிய தனித்தனி டிராக்குகளை மட்டுமே கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியும். இறுதியில் அனைத்தும் ஒன்றுசேரும் மாஸ்டர் டிராக்கில் மீண்டும் ஒரே வரிசைதான். ஆகவே, ஒற்றைக் கோரின் வேகம் அதிகமுள்ள ஆறு அல்லது எட்டு கோர் செயலி, வேகம் குறைந்த பல கோர்களைவிட நமக்கு நல்லது. இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான செயலிகளிலும், ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகளிலும் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகைகள் கலந்திருக்கின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மொத்த எண்ணிக்கையைப் பாராமல் அதில் வேகக் கோர்கள் எத்தனை என்று கேட்பது அவசியம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குரலையும் வாத்தியங்களையும் மைக் வைத்துப் பதிவு செய்வது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவு வேகம் தேவையே இல்லை. தன் குரல் எலும்பு வழியாக உடனேயும் ஹெட்ஃபோன் வழியாகச் சற்றுப் பின்னரும் வந்து சேரும்போது, சில மில்லிநொடி வேறுபாட்டிலேயே பாடகருக்குக் குரல் குழாய்க்குள்ளிருந்து கேட்பது போலத் தோன்றும். இதற்குத் தீர்வு விலை கூடிய கணினி அன்று; இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் நேரடிக் கண்காணிப்புப் பொத்தான். அது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பிவிடுகிறது. வில்லுப்பாட்டுக் குழுவையோ ஆலயப் பாடகர் குழுவையோ பதிவு செய்ய விரும்புபவர், வீட்டில் கிடக்கும் பழைய கணினியிலேயே தொடங்கலாம். 24 பிட் தரத்தில் 16 மைக்குகளின் ஒலி நொடிக்கு 2.3 மெகாபைட்தான், பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதை எளிதாக எழுதிவிடும்.

கீபோர்டைக் கொண்டு பியானோவையும் வயலின்களையும் கணினியிலிருந்தே ஒலிக்கச் செய்ய நினைப்பவருக்கோ நிலைமை வேறு. ஒரு பியானோவில் 88 கட்டைகள். மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை ஒவ்வொரு கட்டைக்கும் 16 நிலைகளில் பதிவு செய்தால் 1,408 ஒலித்துண்டுகள். ஒவ்வொன்றும் பத்து நொடி ஸ்டீரியோ என்றால் 2.88 மெகாபைட் வீதம் நான்கு ஜிகாபைட்டைத் தாண்டும். இது ஒரே ஒரு வாத்தியம். இவை முழுவதையும் ரேமில் ஏற்றாமல், ஒவ்வொரு ஒலித்துண்டின் தொடக்கத்தில் கால் நொடி அளவை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் அதை ஒலிக்கவிட்டு, அந்தக் கால் நொடிக்குள் மீதியை வட்டிலிருந்து எடுத்துவரும் உத்தியை மென்பொருள்கள் கையாளுகின்றன. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று முடிக்கவே 8.3 மில்லிநொடி ஆகும். முள் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், நொடிக்கு நூறு இடங்களைத் தேடுவதற்குள் அது திணறிவிடும். பெடலை மிதித்துக்கொண்டு நாற்பது ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதன் கதி என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு இந்தத் தேடுநேரம் ஏறக்குறைய இல்லை. இத்தகைய ஒலிநூலகங்களுக்கு எஸ்.எஸ்.டி.யும் 16 ஜிகாபைட் ரேமும் குறைந்தபட்சத் தேவை. ஆர்கெஸ்ட்ரா வேலை என்றால் 32. சில மடிக்கணினிகளிலும், ஆப்பிளின் இன்றைய மடிக்கணினிகளிலும் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது என்பதால் வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவழிப்பது வீண். இசை மென்பொருள்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

நம் ஊர் அறைகளில் வரும் சிக்கல் ஒன்றை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மே மாதத்தில் பதிவு தொடங்கும்போது தெருச் சத்தம் நுழையாதபடி சன்னலை அடைக்கிறோம், மின்விசிறியையும் நிறுத்துகிறோம். பத்து நிமிடத்தில் அறை சூடேறுகிறது. சரியாக அப்போது பார்த்து, அதுவரை அடங்கியிருந்த கணினியின் விசிறி எழுந்து இரைகிறது. மைக்குக்கு அது கடற்காற்றைப் போலக் கேட்கும். பல செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தவணை தவறுவதும் அப்போதே. மெல்லிய மடிக்கணினியைவிட, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் மெதுவாகச் சுழலும் மேசைக் கணினியை நான் பரிந்துரைப்பது இதனால்தான். நீளமான கேபிள் போட்டு அதை அடுத்த அறையிலும் வைத்துவிடலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் தானே நீரை உறிஞ்சிக் கரைந்து, சர்க்யூட் பலகையில் மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாகிவிடுகிறது. தூசி வடிகட்டி பொருத்திய பெட்டி ஓரளவு காக்கும். மாதக்கணக்கில் மூடி வைத்த கணினியைவிட, அன்றாடம் இயங்கித் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும் கணினி நெடுநாள் உழைக்கும்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்குப் பலர் கணினியைக் குறை சொல்கிறார்கள். கணினியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு சாக்கெட்டுகளின் வழியே எர்த்தைத் தொடும்போது, இடையில் ஓடும் சிறு மின்னோட்டமே அந்த உறுமல். அனைத்தையும் நல்ல எர்த் உள்ள ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்து, வெளி இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விண்டோஸா, மேக்கா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. மேக்கில் குறைந்த தாமத ஒலிவழி இயங்குதளத்துடனே வருகிறது. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை நிறுவ வேண்டும். ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் புரோ கணினியில் வேண்டும் என்பவருக்கு மேக்கைத் தவிர வழி இல்லை. பழைய கணினி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை.

கடைக்குப் போகும்போது சொந்த இன்டர்ஃபேஸையும் ஹெட்ஃபோனையும், வழக்கமாகச் செய்யும் வேலையில் மிகக் கனமான பாடல் கோப்பு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் பஃபரை 128 இல் வைத்து, வைஃபையை அணைக்காமல், பாடலைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இடையில் சார்ஜரைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒரு பென் டிரைவையும் செருகுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம். கடுகு வெடிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.