இடிப்புப் பட்டியலில் இருந்த படிக்கட்டு

பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்கும் முன் அதை அங்குலம் அங்குலமாக அளந்து வரைவதுதான் மரபுக் கட்டடங்களில் பணியாற்றும் எங்களுக்கு முதல் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மாளிகைக்கான வரைபடங்களைச் சரிபார்த்தபோது, முகப்பிலிருந்த பளிங்குப் படிக்கட்டின் கைப்பிடித் தூண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன. பணியாளர்கள் தண்ணீரும் விறகும் சுமந்து ஏறிய பின்புறப் படிக்கட்டோ வெறும் கட்டமாகக் குறிக்கப்பட்டு, மின்தூக்கிக்காக இடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் ஒடுங்கி ஏறும் அகலம்தான். ஒவ்வொரு கல்லும் நடுவில் கிண்ணம்போலக் குழிந்து தேய்ந்திருந்தது. சுமை உரசிய இடத்தில், தோள் உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று மெருகேறியிருந்தது. அந்த வீட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை முகப்பைவிட அந்தச் சுவர் தெளிவாகச் சொன்னது. பட்டியலைத் தயாரித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மரபு எது என்று அவர்களுக்கும் எனக்கும் கற்பிக்கப்பட்ட பாடமே அப்படி.

அந்தப் பாடத்தை எழுதுவது பெரும்பாலும் அதிகாரம்தான். அது கைமாறும்போது பாடமும் மாறுகிறது. பெர்லின் நகரின் நடுவிலுள்ள ஒரே மனை இதற்குச் சான்று. போரில் சேதமடைந்து நின்ற, ஹோஹென்சோலர்ன் மன்னர் குடும்பத்தின் அரண்மனையைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1950-இல் தகர்த்தது. 1976-இல் அங்கே திறக்கப்பட்ட குடியரசு மாளிகையில் நாடாளுமன்றத்தோடு உணவகங்களும் கலையரங்கமும் இருந்தன. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அபாயத்தால் 1990-இல் மூடப்பட்ட அதுவும் 2008-க்குள் முற்றிலும் அகற்றப்பட்டது. இன்று அங்கிருப்பது, பழைய அரண்மனையின் முகப்புகளை மூன்று பக்கங்களில் மீண்டும் எழுப்பி 2021-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட ஹம்போல்ட் ஃபோரம் என்ற அருங்காட்சியக, பண்பாட்டு மையம். கல்நார் மெய்யான ஆபத்துதான். ஆனால் அதை நீக்கிய பிறகும் எலும்புக்கூடாக நின்ற கட்டடத்தை வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு விடை சொன்னது பொறியியல் அல்ல, அரசியல். அங்கே விருந்துண்டு ஆடிப்பாடிய கிழக்கு பெர்லின் மக்கள் பலருக்குத் தங்கள் வாழ்வின் ஒரு பகுதியே பறிபோனதாகப் பட்டது. பாரிஸில் 1853 முதல் 1870 வரை நெருக்கமான குடியிருப்புகளைப் பிளந்து அந்நகர ஆட்சியர் ஓஸ்மான் போட்ட அகலச் சாலைகளும் இன்று காக்கப்படும் மரபாகிவிட்டன. அவற்றுக்காக வீடிழந்தவர்களின் தெருக்கள் இல்லை.

பண்பாடு இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது. மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கு உலக அளவில் நெறி வகுத்த 1964-இன் வெனிஸ் சாசனம் பழைய கல்லுக்கும் மரத்துக்கும் பெருமதிப்பு தந்தது. ஜப்பானின் இசே ஆலயமோ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மரத்தில் மீண்டும் கட்டப்படுகிறது. கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அங்கே முதுமை மரத்தில் இல்லை, தச்சரின் கையில் இருக்கிறது. உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே எடைபோட வேண்டும் என்று ஜப்பானின் நாரா நகரில் வல்லுநர்கள் கூடி எழுதிய 1994-இன் நாரா ஆவணம் ஏற்றுக்கொண்டது, என் கருத்தில், இத்துறையின் மிக முக்கியமான திருத்தம். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்வதை அடிக்கடி காண்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளைக் கைவிட்ட இடங்களில்தான் இது நடக்கிறது.

ஆகவே, ஒரு சீரமைப்புத் திட்டம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, அழகான முகப்புப் படத்தை விட்டு இடிப்பு வரைபடத்தை முதலில் கேட்டுப் பாருங்கள். சமையலறை, பணியாளர் அறைகள், தொழிலாளர் குடியிருப்பு, சந்தைக் கொட்டகை ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அங்கே வேலை செய்தவர்களிடமும் குடியிருந்தவர்களிடமும் பேசி, அவர்கள் காட்டும் இடங்களைப் படமெடுத்து, எழுத்து மூலம் கருத்தாகக் கொடுங்கள். சாரம் கட்டிப் பூச்சைச் சுரண்டத் தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். நான் சொன்ன மாளிகையில் மின்தூக்கியைச் சில அடிகள் தள்ளி அமைக்க முடிந்தது, கல் இன்னும் உடைக்கப்படாமல் இருந்ததால்.