அவுட்லுக் காலண்டருக்கு மேக்ரோ எழுதும்போது செக்யூரிட்டியைத் தளர்த்தாதீர்கள்

ஆடிட்டர் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அங்கே தேதிகள் மாறாது: 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11-இல் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை விவரம்), 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி சுருக்கக் கணக்கு). ஒவ்வொரு கிளையண்டுக்கும் இதைக் கையால் காலண்டரில் ஏற்றுவது வீண் உழைப்பு. எக்செல் பட்டியலைப் படித்து, அவுட்லுக்கில் வரிசையாகப் பதிவுகளைப் போட ஒரு சின்ன விபிஏ மேக்ரோ, அதாவது ஆபீஸுக்குள்ளேயே எழுதி ஓட்டும் குட்டி நிரல், போதும். மார்ச் மாத டிடிஎஸ் பிடித்தத்தை ஏப்ரல் 30 வரை கட்டலாம் என்ற விதிவிலக்கையும் அதிலேயே எழுதிவிடலாம்.

அவுட்லுக்கில் ஆல்ட்+எஃப்11 அழுத்தினால் மேக்ரோ எழுதும் எடிட்டர் திறக்கும். எழுதிய அன்று மேக்ரோ நன்றாக ஓடும். அவுட்லுக்கை மூடித் திறந்ததும் ஓடாது, ஏனென்றால் டிஜிட்டல் கையொப்பம் (எழுதியவர் யார் என்று காட்டும் முத்திரை) இல்லாத மேக்ரோக்களை அது இயல்பாகவே தடுக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் டிரஸ்ட் சென்டர் என்ற பாதுகாப்பு அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'எல்லா மேக்ரோவையும் அனுமதி' என்று மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 1999-இல் மெலிசா வைரஸ் பரவியது ஒரு வேர்டு மேக்ரோ வழியாகத்தான். திறந்தவரின் அவுட்லுக்கைப் பிடித்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. கிளையண்டுகளின் பான் எண்ணும் வங்கி விவரமும் கிடக்கும் கணினியில் அந்தக் கதவு மூடியே இருக்கட்டும்.

மாற்று வழி எளிது. ஆபீஸுடன் வரும் செல்ஃப்செர்ட் என்ற கருவியில் உங்களுக்கென ஒரு சான்றிதழ் உருவாக்கி, எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் மேக்ரோவுக்குக் கையொப்பமிடுங்கள். அடுத்த முறை அவுட்லுக் கேட்கும்போது அந்தச் சான்றிதழை மட்டும் நம்பச் சொன்னால் போதும்.

அப்புறம், தேதி. "05/06/2025" என்று எழுத்தாகக் கொடுத்தால், விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து அது ஜூன் 5 ஆகவும் படிக்கப்படலாம், மே 6 ஆகவும் படிக்கப்படலாம். கெடு தேதிகளில் இந்தக் குழப்பம் அபராதத்தில் போய் முடியும். விபிஏவின் டேட்சீரியல் ஃபங்ஷனில் வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மேக்ரோவை இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாப் பதிவும் இரட்டையாகும். அதனால் போடுமுன் அதே தலைப்பு அந்த நாளில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேக்ரோ போடும் பதிவுகளுக்கு ஒரு தனி கேட்டகரி கொடுத்துவிட்டால், பின்னால் நீக்கும்போது மற்றவர்கள் கையால் போட்ட சந்திப்புகள் தப்பிக்கும். யாரையாவது அழைப்பதாக இருந்தால், சோதனைக் கட்டத்தில் 'செண்ட்' கட்டளையே வேண்டாம், 'டிஸ்பிளே' போடுங்கள். கிளையண்டுக்குப் போய்ச் சேர்ந்த தவறான அழைப்புக்கு மன்னிப்புத்தான் கேட்க முடியும்.

இத்தனையும் பழைய, 'கிளாசிக்' அவுட்லுக்குக்கு மட்டும். விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக்கில் விபிஏ கிடையாது. அலுவலகம் அதற்கு மாறப்போகிறது என்றால், மேக்ரோவில் நேரம் செலவழிக்காமல், மைக்ரோசாஃப்டின் தானியங்கு வேலைக் கருவியான பவர் ஆட்டோமேட் பக்கம் பாருங்கள்.