கள்ளி வாயத் தொறக்குறது ராத்திரிலதான்

தென்காசி பக்கத்துச் செங்கோட்டைல மொட்டை மாடில தென்னமெரிக்கக் கள்ளி, அதான் கேக்டஸ், சேக்கேன்னு சொன்னா சிரிக்காங்க. "எய்யா, வேலில கெடக்க முள்ள எதுக்குய்யா காசு குடுத்து வாங்குத?"ன்னு ஆச்சி கேட்டா. ஆச்சி சொல்லுதது கிள்ளுனா பால் வடியுற சதுரக்கள்ளி, அதுக்கும் கேக்டஸுக்கும் சொந்தபந்தமே கிடையாது, வறண்ட எடத்துல வாழ்ந்து வாழ்ந்து ரெண்டும் ஒரே ஜாடைக்கு வந்துருச்சு அவ்வளவுதான். கேக்டஸ்னா முள்ளு ஒரு குட்டிப் பஞ்சுப் பொட்டுலருந்து முளைக்கும், அதான் அடையாளம்.

மொத ரெண்டு வருசம் வெயிலும் தண்ணியும் சரியா இருந்தா போதும்னுதான் நெனச்சேன். பராகுவே, அர்ஜென்டினா பக்கத்து ஜிம்னோகேலிசியம் அரை நிழல்ல ஜோரா பூத்துச்சு, பிரேசில் மெலோகேக்டஸ் நம்ம வெக்கைய சட்டையே பண்ணல, ஆனா பொலிவியா மலைலருந்து வந்த ரெபூட்டியா மட்டும் ஒரு மொட்டு கூட வைக்காம உம்முனு இருந்துச்சு. அதே மண்ணு, அதே தண்ணி. அப்புறந்தான் புரிஞ்சுது, பகலப் பாத்துட்டு ராத்திரிய விட்டுட்டேன்.

சாதாரணச் செடி பகல்ல இலைத்துளையத் தொறந்து கரியமில வாயுவ இழுக்கும், அந்த வழியாவே தண்ணியும் ஆவியாப் போயிரும், 1 கிராம் வாயுவுக்கு 400, 500 கிராம் தண்ணி செலவு. பாலைவனத்துல இது கட்டுபடியாகுமா? அதனால கேக்டஸ் பகல் முழுக்க துளைய மூடிட்டு, ராத்திரி குளுந்தப்புறம் தொறந்து வாயுவ உள்ள வாங்கி மாலிக் அமிலமா மாத்தி செல்லுக்குள்ள சேத்து வச்சுக்கும். விடிஞ்சதும் கதவ அடச்சுட்டு, அந்த அமிலத்துலருந்து வாயுவப் பிரிச்சு எடுத்து வெயில்ல சமையல் பண்ணும். செலவு 50லருந்து 100 கிராம் தண்ணிதான்.

இதுல நமக்கு ஒரு பெருமையும் உண்டு. மெட்ராஸ் மாகாணத்துல வேலை பாத்த பெஞ்சமின் ஹெய்ன்ங்கிற தாவர ஆராய்ச்சியாளர் ரணகள்ளி இலைய காலைல மென்னு பாத்தா புளிக்குது, மத்தியானம் ருசியே இல்லனு கவனிச்சு எழுதுனாரு, அது 1815ல அச்சாச்சு. ரணகள்ளி கேக்டஸ் இல்ல, ஆனா அதுவும் இதே வித்தைதான் பண்ணுது, ராத்திரி சேத்த அமிலந்தான் அந்தக் காலைப் புளிப்பு. (நீங்க மென்னு பாக்காதீங்க, இதயத்தக் கெடுக்குற சமாச்சாரம் அந்த எலைல இருக்கு.)

இப்ப ரெபூட்டியா கதைக்கு வருவோம். அது ஆண்டிஸ்ல 2000 மீட்டருக்கு மேல வளருற செடி, பகல்ல வெயில் சுட்டாலும் ராத்திரி நடுக்கும், குளிர்காலத்துல தண்ணியில்லாம சுருங்கிக் கெடந்தாதான் அடுத்து மொட்டு கட்டும். நம்ம ஊர்ல மே மாச ராத்திரி ஃபேனுக்கடில கூட வேர்க்குது. ராத்திரி சூடா இருந்தா துளை சரியாத் தொறக்காது, சேத்து வச்ச கொஞ்சநஞ்சமும் செடியோட மூச்சுலயே கரைஞ்சு போவும், செடி பட்டினி.

ஜூன்ல ஆரியங்காவு கணவா வழியா காத்தும் சாரலும் வந்ததும் ராத்திரி குளுந்துருதுல்லா, சந்தோசப்படலாமேன்னு பாத்தா அப்ப வேற தலவலி. பெருமழை மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்கு, இங்க நாள் முழுக்க தூத்தல், தொட்டி காயவே காயாது. வேருக்குக் காத்து கிடைக்காம பூஞ்சை ஏறி, மேல பச்சையா இருக்கும், தொட்டா பொதபொதன்னு உள்ள போயிரும். ஒரே சாரல்ல நாலு செடி போச்சு எனக்கு. இப்ப பெரிய ஆத்துமணல், செங்கல் ஜல்லி, கொஞ்சூண்டு மண்புழு உரம், மேல பிளாஸ்டிக் ஷீட், ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் தண்ணி அனேகமா கிடையாது. பயப்படாதீங்க, காஞ்சா சின்ன வேர உதுத்துரும், மறுபடி நனஞ்சா சீக்கிரமே புதுசு விட்டுரும்.

ரெபூட்டியாவ கொடைக்கானல்ல இருக்க சித்தப்பாட்ட குடுத்துட்டேன். அடுத்த வருசமே பூ தொட்டிய மூடி நிக்குற போட்டோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. வயிறு எரிஞ்சுது.